அடைக்கலப் பொருளும் அதனைக் காப்போரும்

யாப்பிலக்கணம் பயில்வோர் 'தரவு' என்னுஞ் சொல்லைக் கலிப்பாவின் முதலுறுப்பின் பெயராக அறிவர். தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்னும் உறுப்புக்களுக்கு முன்னின்று பாட்டின் பொருளைத் தொடங்கித் தருவது அது. இந்நாளில் அச்சொல் வேறொரு பொருளிலும் நாடெங்கும் வழங்குகின்றது. ஒருவருடைய பெயர், பிறந்த நாள், முகவரி, தொலைபேசி எண், கைரேகை, நோய்க் குறிப்பு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் கணினியில் ஏறியபின் தரவு என்னும் ஒரே பெயராற் சுட்டப்படுகின்றன. ஆங்கிலத்தார் வழங்கும் 'டேட்டா' என்பது இலத்தீன் மொழியினின்றும் வந்தது. கொடுக்கப்பட்டவை என்பது அதன் பொருள். தமிழிலும் 'தா' என்னும் வினையடியாகப் பிறந்ததே தரவு. ஆயினும், கொடுக்கப்பட்டது என்ற அளவிற் கேள்வி முடிந்துவிடுவதில்லை. கொடையாகக் கொடுத்தல் வேறு, அடைக்கலமாக ஒப்படைத்தல் வேறு. கொடைப்பொருள் பெற்றவனுக்கே உரியதாகும். அடைக்கலப் பொருளோ கைமாறினும் உரிமை மாறாது. ஆலையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் நாம் நம்மைப்பற்றிச் சொல்லிவிட்டு வருகின்ற செய்திகள் கொடையா, அடைக்கலமா? இக்கேள்விக்கு இந்திய நாட்டில் விடை காண முயன்றோர் யாவர், அவ்விடையைக் கோவை போன்ற தொழில்நகரங்களில் இனிக் காத்து நிற்க வேண்டியோர் யாவர் என்பனவே ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

சட்டத்தினுட் புகுமுன், நம் இலக்கணத்திலுள்ள ஒரு விதியை நினைவுகூர்தல் பயன் தரும். அகத்திணையிற் பாடப்பெறும் தலைவனையும் தலைவியையும் இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பெயர் சுட்டப்பட்ட அளவிலேயே அப்பாட்டு அகம் என்னும் எல்லையைக் கடந்து புறத்தைச் சார்ந்துவிடும். இதனினும் நுண்ணியது பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் பற்றி எழுந்த வழக்கு. அப்பாட்டில் தலைவன் பெயரோ தலைவி பெயரோ யாண்டும் இல்லை. பிரிவால் வருந்தும் தலைவியின் நிலையும், பாசறையிலிருக்கும் அரசனின் நிலையுமே கூறப்படுகின்றன. ஆயினும் பாசறையிலுள்ள வேலில் வேம்பு கட்டப்பட்டிருந்ததாக ஒரு குறிப்பு வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ. ஆதலின் தலைவன் பாண்டியன் என்பது பெறப்பட்டது. பெறப்படவே இஃது அகமாகாது, புறமே என்பது நச்சினார்க்கினியர் துணிபு. பெயரை மறைத்தால் மட்டும் போதாது, பெயரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தையும் மறைத்தல் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து? 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பற்றிய செய்தியால் அவர் இன்னாரென அறியப்படுமாயின் அச்செய்தி தனிநபர் தரவே என்று வரையறை செய்கின்றது. பெயரை நீக்கிவிட்டோம், இனிக் குற்றமில்லை என்று ஒரு மருத்துவமனை கூறுமாயின், ஊரும் அகவையும் நோயும் சேர்ந்து ஒருவரை வேம்புபோற் காட்டிக்கொடுக்கும் என்று விடை கூறலாம்.

இதனால் இச்சட்டம் பழந்தமிழரிடத்து முன்னரே இருந்தது என்று நிறுவுதல் என் கருத்தன்று. அத்தகைய பெருமை பேசுங் கட்டுரைகளுக்கு நம் மலர்களிற் குறைவில்லை. ஒருவர் அகத்தையும் புறத்தையும் பிரித்தறியும் உணர்வு சட்டத்தினும் மூத்தது என்பதே நான் சொல்ல வந்தது. அவ்வுணர்வு சட்டமாக உருப்பெற நெடுங்காலஞ் சென்றது. அமெரிக்க நாட்டில் 1890ஆம் ஆண்டில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள், கையிற் கொண்டு திரியத்தக்க புகைப்படக் கருவியும் அலர் தூற்றும் செய்தித்தாள்களும் பெருகிய நிலையைக் கண்டு, தனித்து விடப்படும் உரிமையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தனர். பின்னர் உலகெங்கும் எழுந்த வாதங்களுக்கு அதுவே வித்து.

இந்தியாவில் இவ்வழக்கைத் தொடங்கியவர் அறிஞருமல்லர், செல்வருமல்லர். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த கரக்சிங் என்பவர் 1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கிற் பிடிக்கப்பட்டுச் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். விடுவித்த காவல்துறை அவரைப் பற்றிய குற்றப்பதிவேடு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டது. இரவு வேளைகளில் காவலர் அவர் இல்லத்திற்குச் சென்று கதவைத் தட்டுவதும் அழைத்து எழுப்புவதும் வழக்கமாயின. அவர் உச்சநீதிமன்றத்தை அடைந்தார். 1962ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆறு நீதிபதிகள் கூறிய தீர்ப்பில், இரவில் வீடுபுகும் அவ்விதி தள்ளப்பட்டது. ஆயின் அந்தரங்க உரிமை என்பதொன்று நம் அரசியலமைப்பில் உறுதி செய்யப்படவில்லை என்றும் பெரும்பான்மையோர் கூறிவிட்டனர். நீதிபதி சுப்பராவ் மட்டும், நீதிபதி ஷாவைத் தம்முடன் கொண்டு, வேறொரு தீர்ப்பு எழுதினார். பெயரளவில் உரிமை வெளிப்படச் சொல்லப்படாவிடினும் அது தனிமனித விடுதலையின் உயிருறுப்பு என்பதும், எந்நேரமுங் கண்காணிக்கப்படுகிறோம் என்னும் எண்ணமே ஒருவன் காலிற் கட்டிய தளையாகும் என்பதும் அவர் கருத்து. சுப்பராவ் சென்னையிற் சட்டம் பயின்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்தவர். அவர் எழுதியது அன்று தோற்ற தீர்ப்பு. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதுவே வென்றது. தோற்ற பக்கத்து நியாயத்தையும் எழுதி வைக்கும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு உள்ளது; அதன் பயனை இவ்வழக்கிற் போல வேறெங்கும் நான் தெளிவாகக் கண்டதில்லை.

இடையில் வந்த வழக்கு ஒன்று முற்றிலும் தமிழ்நாட்டிற்கு உரியது. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார் என்றும், அதனை வெளியிடுமாறு தம் மனைவி வழியாகவும் வழக்கறிஞர் வழியாகவும் அனுப்பினார் என்றும் 'நக்கீரன்' இதழார் கூறினர். தம்மோடு உறவு கொண்டாடிய அதிகாரிகள் சிலரைப் பற்றியும் அதிற் கூறப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிறைத்துறைத் தலைவர், அவ்வரலாறு பொய்யென்றும் அதனை வெளியிடலாகாதென்றும் இதழாருக்குக் கடிதம் எழுதினார். இதழாசிரியர் இராஜகோபால் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றார். நீதிபதி ஜீவன் ரெட்டி அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் கூறிய தீர்ப்பு இருபுறமும் கூர்மையுடையது. ஒவ்வொருவருக்கும் தம் குடும்பம், மணம், மகப்பேறு, கல்வி முதலியவற்றைப் பற்றிப் பிறர் எழுதாது தடுக்கும் உரிமை உண்டு; அஃது உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் உறுப்பினுள் அடங்கியுள்ளது என்றார். அதே மூச்சில், நீதிமன்ற ஏடு முதலிய பொதுப் பதிவுகளிற் கண்டதை எழுதத் தடையில்லை. தம் அலுவல் பற்றிய செய்திகளில் அதிகாரிகள் இவ்வுரிமையைக் கேடயமாகக் கொள்ள இயலாது. அச்சிடும் முன்னரே தடுக்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை என்றும் வரையறுத்தார். இழிவுக்கு உள்ளான பெண்டிர் பெயரைப் பொதுப்பதிவிலிருந்தும் வெளியிடலாகாது என்று ஒரு விலக்கும் அமைத்தார். மறைவு எளியோர்க்கு அரணாகவும் வலியோர்க்கு ஒளிவிடமாகாமலும் இருத்தல் வேண்டும் என்ற இவ்வரம்பை வகுத்த வழக்கு, கொடுங்குற்றவாளி ஒருவரின் கையெழுத்துப் படியாற் பிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

பொதுப்பதிவு என்னும் விலக்கு இந்நாளிற் புதிய சிக்கலொன்றை விளைத்துளது. 1994ஆம் ஆண்டில் நீதிமன்ற ஏட்டைக் காண விரும்புவோர் நீதிமன்றத்திற்குச் செல்லல் வேண்டும். இன்றோ ஒருவர் பெயரை எழுதித் தேடினால் நொடியில் தீர்ப்பு முழுதும் கண்முன் வரும். குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பிலுள்ள தம் பெயரை மறைக்கவேண்டி மதுரைக் கிளையை அடைந்தார். 2021ஆம் ஆண்டில் தனி நீதிபதி சட்டம் இல்லாமையால் இயலாதென்றார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருவர் அமர்ந்த ஆயம் மறைக்குமாறு ஆணையிட்டது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. அவர் பெயரை இங்கே எழுதாது விடுகின்றேன்.

நிற்க. கரக்சிங் வழக்கில் மூடிய கதவைத் திறந்தவர் புட்டசாமி என்னும் முதியவர். கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற அவர், 2012ஆம் ஆண்டில், தம் 86ஆம் அகவையில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கோடிக்கணக்கான மக்களின் கைரேகையும் கண்மணியின் அடையாளமும் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றுமின்றியே தொகுக்கப்பட்டன என்பது அவர் தொடுத்த முதன்மையான குறை. மத்திய அரசின் சார்பில் தலைமை வழக்கறிஞர், 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றையும் கரக்சிங் தீர்ப்பையும் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அன்று என்று வாதித்தார். முன்னது எட்டு நீதிபதிகள் கூறியதாதலின், அதனை ஆராய ஒன்பதின்மர் அமர வேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அவ்வொன்பதின்மரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று கூறினர். அத்தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், நெருக்கடிக் காலத்தில் தம் தந்தையார் கைக்கொண்ட தீர்ப்பையும் பிழையென்று தள்ளினார். மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியில் இதனையுஞ் சேர்க்கலாமோ என்பதைப் பயில்வோர் முடிவிற்கு விடுகின்றேன். புட்டசாமி தொடுத்த ஆதார் வழக்கோ 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் விரும்பியவாறு முழுவதும் முடியவில்லை. திட்டம் பெரும்பாலும் நிலைபெற்றது. தனியார் நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாகக் கேட்பதற்கிருந்த வாயில் மட்டும் அடைபட்டது. 2024ஆம் ஆண்டில், 98ஆம் அகவையில், அவர் காலமானார்.

உரிமை என்பது நீதிமன்றத்தின் சொல். அது வீதிக்கும் ஆலைக்கும் வர ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் முன்னர்த் தலைமை நீதிபதியாக இருந்த ஏ. பி. ஷா தலைமையில் அமைந்த அறிஞர் குழு 2012ஆம் ஆண்டிலேயே அதற்கான நெறிகளைத் தொகுத்தளித்தது. அது பேணுவாரின்றிக் கிடந்தது. 2017ஆம் ஆண்டில் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த குழு அடுத்த ஆண்டு ஜூலையில் வரைவொன்றைத் தந்தது. அவ்வரைவின் சொற்களை மொழிபயில்வோர் ஊன்றிக் காணல் வேண்டும். ஐரோப்பியச் சட்டம் தரவை வைத்திருப்போரை 'ஆள்பவர்' என்றும், தரவுக்குரியவரை 'ஆட்பட்டவர்' என்னும் நிழலாடும் சொல்லாலும் குறிக்கின்றது. ஸ்ரீகிருஷ்ணா குழுவோ தரவுக்குரியவரை 'முதல்வர்' என்றும், வைத்திருப்போரை 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்றும் பெயர் மாற்றிற்று. இதன் கருத்தை அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் பால்கின் முன்னரே விளக்கியிருந்தார். மருத்துவரும் வழக்கறிஞரும் தம்மிடஞ் சொல்லப்பட்டதைத் தம் ஊதியத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது எவ்வாறோ, அவ்வாறே பிறர் செய்திகளைத் திரட்டும் நிறுவனமும் ஒழுகல் வேண்டும் என்பது அது. 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பெயர்களையே கைக்கொண்டது.

நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று நீட்டி எழுதுதலினும், அடைக்கலம் காப்போர் என்று தமிழில் வழங்கலாம் என்பது என் எண்ணம். சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என ஒரு காதையே உள்ளது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைச்சியிடம் ஒப்படைக்கின்றார். மாதரி வறியவள், கோவலன் கொலைக்கும் அவளுக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் அடைக்கலம் தன் கையிற் பிழைத்தது என்று கேட்ட அளவில் அவள் தீப்புகுந்தாள் என்று காப்பியம் கூறுகின்றது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரமும் இப்பொருளையே சட்டமாக வகுக்கின்றது. பிறன் காக்கக் கொடுத்த பொருள் வீட்டிலிருந்து களவு போய்த் திருடன் அகப்படாவிடின், காத்தவன் தான் அதிற் கைவைக்கவில்லை என்பதை நியாயாதிபதிகள்முன் நிறுவல் வேண்டும். களவு கொடுத்தவன் பிழை அன்றென்று விட்டுவிடாமல், காத்தவனையே முதலில் வினாவுகின்றது அந்நியாயம். நம் புதிய சட்டமும் அவ்வாறே. தரவு களவு போயின், காப்போர் அதனைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கும், உரியவர் ஒவ்வொருவர்க்கும் அறிவித்தல் வேண்டும். தக்க காவல் செய்யாமை பற்றி 250 கோடி ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம்.

இச்சட்டத்தின் விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தன. வாரியம் உடனும், கடமைகளிற் பெரும்பாலான பதினெட்டுத் திங்கள் கழித்தும் நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்தன. அதன்பின் நம் நாட்டில் ஒரு புதிய தொழில் வேகமாக வளரலாயிற்று. அதுவே தரவுப் பாதுகாப்பு ஆலோசகர் தொழில். உலகிற்கு இது புதிதன்று. செருமானிய நாட்டின் ஹெஸ்ஸ மாநிலம் 1970ஆம் ஆண்டிலேயே இப்பொருள் பற்றி உலகின் முதற்சட்டத்தை இயற்றிற்று. 1977ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், நிறுவனங்கள் தம்முள்ளேயே ஒரு காவல் அலுவலரை அமர்த்துமாறு விதித்தது. ஹெஸ்ஸவில் 1975 முதல் 1991 வரை ஆணையராயிருந்த ஸ்பிரோஸ் சிமிட்டிஸ் இத்துறைக்கு ஆசிரியர் போன்றவர். நம் வயதினர் அறியத்தக்க இன்னொருவர் ஆஸ்திரியரான மாக்ஸ் ஷ்ரெம்ஸ். சட்ட மாணவராயிருந்தபொழுது, 2011ஆம் ஆண்டில், பேஸ்புக் நிறுவனம் தம்மைப் பற்றி வைத்திருப்பன யாவை எனக் கேட்டு, ஆயிரத்திருநூறு பக்கங்களுக்கு மேல் விடை பெற்றார். தாம் அழித்துவிட்டதாக எண்ணிய செய்திகளும் அவற்றுள் இருந்தன. அவர் தொடுத்த வழக்குகளால், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவிற்குத் தரவு அனுப்புதற்கிருந்த இரண்டு உடன்படிக்கைகள், 2015இல் ஒன்றும் 2020இல் ஒன்றும், செல்லாவாயின.

இனிக் கொங்குநாட்டிற்கு வருவோம். இங்கே ஒரு தரவுப் பாதுகாப்பு ஆலோசனை நிலையம் இயங்குமாயின், அதில் இருக்க வேண்டியோர் மூவகையினர்: சட்டம் கற்றவர், கணினிப் பொறியியல் கற்றவர், கணக்காய்வு கற்றவர். அவர்தம் முதற்பணி, ஆலை முதலாளிகள் ஆண்டிறுதியிற் செய்யும் சரக்கிருப்புக் கணக்கை ஒத்தது. எவரிடமிருந்து எத்தரவு வாங்கப்பட்டது, எதன்பொருட்டு, எவ்விடத்தில் இருக்கின்றது, யார் காண்கின்றனர், எப்பொழுது அழிக்கப்படும் என அறைதோறும் சென்று எழுதுவர். வெளியாரிடம் வேலை ஒப்படைத்திருப்பின் அவரோடு செய்த ஒப்பந்தத்தைப் பார்ப்பர். களவு நேரின் முதல் மணியில் யார் யாருக்குச் சொல்வது என்று வகுப்பர். பெருந்தொகையான அல்லது நுண்ணிய தரவைக் கையாள்வன என அரசு குறிக்கும் நிறுவனங்கள், இந்தியாவில் வாழும் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை அமர்த்தலும், தம்மைச் சாராத தணிக்கையாளரைக் கொண்டு ஆய்தலும் கட்டாயம். ஏனையவற்றிற்கு அக்கட்டாயம் இல்லை. கேட்பார்க்கு விடை கூறவல்ல ஒருவரின் தொடர்பை வெளியிட்டாற் போதும். கோவைப் பகுதியின் பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும், திருப்பூரின் பின்னலாடை நிலையங்களும் பெரும்பாலும் இப்பின்வகையிலேயே அடங்கும் என்று கருதலாம்.

சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் உள்ள கணினி நிலையங்கள் அயல்நாட்டுப் பணிகளைச் செய்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளின் நோய்க்குறிப்புகளைக் கணக்கிற்கேற்பக் குறியீடு செய்யும் பணி கோவையில் இளைஞர் பலருக்கு வாழ்வளிக்கின்றது. அந்நாட்டில் 1996ஆம் ஆண்டு இயற்றிய மருத்துவத் தரவுச் சட்டம் ஒப்பந்தத்தின் வழியே கொங்குநாட்டு மேசை வரையிலும் வந்து நிற்கின்றது. இத்தகைய அறைகளில் கைப்பேசிக்கும் தாளுக்கும் இடங்கொடாமை வழக்கம். அத்தகைய கட்டடம் ஒன்றின் வாயிலிலோ, வருவோர் போவோர் பெயரும் எண்ணும் எழுதிய ஏடு காவலர் மேசைமேல் விரிந்தபடியே கிடப்பதை யாவரும் கண்டிருப்பர். கண்காணாத நோயாளியின் செய்தி பூட்டப்படுகின்றது. கதவருகே வந்தவரின் செய்தி காற்றில் ஆடுகின்றது. சட்டத்திற்கு அஞ்சிக் காக்கும் இடத்திற்கும், அடைக்கலம் என்றெண்ணிக் காக்கும் இடத்திற்கும் உள்ள வேறுபாடு இதனாற் புலனாகும்.

ஆலோசகர் யாருக்கு ஆள் என்பதே இத்தொழிலின் கடினமான வினா. அவருக்குப் பொருள் கொடுப்பது நிறுவனம். அவர் காக்க வேண்டியது நிறுவனத்தைத் தண்டத்தினின்றா, அல்லது காசொன்றுங் கொடாத தொழிலாளியின் அடைக்கலத்தையா? ஈரோடு கருங்கல்பாளையத்துச் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் மாட்டு விலை பேசுவோர், கைகளைத் துண்டால் மூடி, விரல்களைத் தொட்டு விலையை உணர்த்துவர். சுற்றி நிற்கும் கூட்டத்திற்கு ஒன்றுந் தெரியாது. அவ்விரு கைகளுக்கிடையே நிற்கும் தரகர் இருவர் மறைவையும் அறிந்தவர். ஒருவர் விரலை மற்றவர்க்குக் காட்டிக்கொடுத்த தரகரை அடுத்த வாரச் சந்தையில் யாரும் நாடார் என்பதே அவருக்குள்ள சட்டம். தரவு ஆலோசகருக்கு அத்தகைய சந்தை இல்லை. தொழிலாளி அவரைத் தேர்ந்தெடுப்பதுமில்லை, விலக்குவதுமில்லை. ஐரோப்பியச் சட்டம், பாதுகாப்பு அலுவலர்க்கு அவர் பணியில் எவரும் கட்டளையிடலாகாது என்றும், கடமையைச் செய்தமைக்காக அவரை நீக்கலாகாது என்றும் அரண் செய்துள்ளது. நம் சட்டத்தில் அத்தகைய அரணைக் காணோம்.

தொழிலாளர் திறத்தில் நம் சட்டத்திற் பிறிதொரு குறையும் உண்டு. அதன் 7ஆம் பிரிவு, வேலை வாங்குதற்குரிய காரியங்களுக்காகத் தொழிலாளியின் தரவைச் சம்மதமின்றியே பயன்படுத்தலாம் என்று முதலாளிக்கு இடங்கொடுக்கின்றது. சம்மதம் வேண்டாவிடத்து, அதனைக் கேட்குமுன் தரவேண்டிய அறிவிப்பும் வேண்டாவாகின்றது. தன்னைப்பற்றி என்ன வைத்திருக்கின்றனர் என்று கேட்டறியும் உரிமையும் பெரும்பாலும் நழுவிவிடுகின்றது. காவல் செய்யும் கடமையும், களவை அறிவிக்கும் கடமையும், குறை கேட்கும் கடமையும் மட்டும் எஞ்சுகின்றன. எழுத்தறியாதவரைக் கைநாட்டு என்று எள்ளிய காலம் ஒன்றுண்டு. இன்று பட்டம் பெற்றவரும் காலையில் ஆலை வாயிலிற் பொறியின்மேல் விரல் வைத்தே உட்புகுகின்றனர்; யாவரும் கைநாட்டாயினோம். மறைச்சொல் களவு போயின் மாற்றிக்கொள்ளலாம், விரல்ரேகை களவு போயின் மாற்ற வேறு விரலில்லை. அரசுக்கு இச்சட்டம் அளிக்கும் விலக்கோ இதனினும் விரிந்தது. 2019ஆம் ஆண்டு வரைவில் அவ்விலக்கு விரிந்ததைக் கண்டு ஸ்ரீகிருஷ்ணாவே வெளிப்படையாகக் கண்டித்தார். 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது சுருங்கவில்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் இது திருத்தியமைத்தது. இராஜகோபால் வழக்கில் அதிகாரிகளுக்கு மறுக்கப்பட்ட கேடயம் இப்பின்வாயில் வழியே அவர் கையிற் சேருமோ என்னும் அச்சம் பொருளற்றதன்று.

தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பு எளிய தெளிந்த மொழியில் இருத்தல் வேண்டும் என்றும், ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் விரும்பிய ஒன்றிலோ அதனைப் பெறும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் விதிக்கின்றது. ஆதலின் தமிழறிவிப்பு எழுதுதல் ஆலோசகர் பணியின் ஒரு கூறாகிவிட்டது. அதனை எழுதுதல் எளிதன்று. சம்மதத்திற்கு எச்சொல்லை இடுவது? 'ஒப்புதல்' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்திற்கும் வழங்குகின்றது. 'உடன்பாடு' இருவர் செய்துகொள்வது. 'இசைவு' இனிய சொல், ஆயின் கடைக்கு வரும் மூதாட்டிக்கு விளங்குமா என்பது ஐயம். 'சம்மதம்' வடசொல்லாயினும் யாவரும் அறிந்தது. அதிலும் ஓரிடர் உண்டு. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம் வீடுகளிற் பயின்ற வழக்கு. சட்டமோ மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாது. கட்டாயமின்றி, இன்னதற்கு என்று வரையறுத்து, அறிந்து, தெளிவான செயலாற் காட்டப்படுவதே சம்மதம் என்கின்றது. இவ்வளவையும் கருதியும், நான் சம்மதம் என்றே எழுதுவேன். தனித்தமிழ் அன்பர் பொறுத்தருள்க. பால் பற்றியும் ஒன்று கூறலாம். இச்சட்டம் தரவுக்குரியோர் யாவரையும் ஆங்கிலத்திற் பெண்பாற் சுட்டாலேயே குறிக்கின்றது. 'அவர்' என்னும் பலர்பாற் சொல் உடைய நமக்கு அவ்விடர்ப்பாடு இல்லை.

ஒப்பணக்கார வீதியில் துணிக்கடையொன்றிற் பணஞ்செலுத்துமிடத்துக் கைப்பேசி எண் கேட்கின்றனர் என்று கொள்வோம். ரசீதுக்கென்று கொடுத்த எண்ணுக்குத் தீபாவளி விற்பனைச் செய்தி அனுப்புதல், ஒன்றிற்குப் பெற்ற அடைக்கலத்தை வேறொன்றிற்குச் செலவிடுதலாகும். அக்கடைக்கு அறிவிப்பு எழுதுமாறு என்னைப் பணிப்பின், பின்வருமாறு எழுதுவேன்: "உங்கள் கைப்பேசி எண்ணை ரசீது அனுப்ப மட்டும் கேட்கிறோம். விற்பனைச் செய்திகளும் அனுப்பலாம் என்றால் கீழே உள்ள கட்டத்தில் நீங்களே குறியிடுங்கள். குறியிடாவிட்டாலும் துணியும் ரசீதும் உங்களுக்குக் கிடைக்கும். சம்மதத்தை எந்நாளும் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகப் பெறலாம். குறையிருப்பின் இன்னாரிடம் சொல்லுங்கள். அவர் தீர்க்காவிடில் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம்." நூறு சொற்களுக்குள் அடங்கும் இதனை, நிறுவனங்கள் பல பக்கங்களாக்கி, இறுதியில் ஒரே பொத்தானை வைக்கின்றன. விரித்தெழுதுதல் மறைப்பதற்கும் ஒரு வழியே.

ஆலைத் தொழிலாளர்க்கு இத்தகைய அறிவிப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என மேலே கண்டோம். கட்டாயமில்லாத இடத்திலும், கைரேகைப் பொறிக்கருகில் ஒன்று எழுதி வையுங்கள் என்று முதலாளியிடம் சொல்லத்தக்கவர் ஆலோசகர் ஒருவரே. அதற்காகும் செலவு ஒரு தாளும் பசையுமே. கோவை, திருப்பூர் ஆலைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்தோர் பலர் உழைக்கின்றனர். எட்டாம் அட்டவணையில் ஒடியாவும் இந்தியும் மைதிலியும் சந்தாலியும் உள்ளன. ஆதலின் தமிழில் எழுதிய தாளை அம்மொழிகளிற் பெயர்த்து, அவர்கள் தங்கும் விடுதிச் சுவரில் அவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுதலும் அப்பணியைச் சேர்ந்ததே.